இடது பக்கச் சீட்

வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் எங்கள் காரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு பொனற்றைத் திறந்துவிடுவேன். ஒயில் குச்சியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பார்ப்பேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர், பிரேக் ஒயில், வைப்பர் ரப்பர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, நான்கு டயரையும் குனிந்து தடவிவிட்டுத்தான் நிமிர்வேன். எங்கள் வீடு அம்பிட்டிய மேட்டில் இருக்கிறது. வாசலை விட்டு வெளியே எடுத்தாலே இறக்கம். இங்கே வண்டி வைத்திருப்பவன் மனைவியின் பிறந்தநாளை மறந்தாலும் பிரேக்கை மறக்கக் கூடாது. நான் இரண்டையும் மறந்ததில்லை என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

சாவியை மட்டும் அவள் வைத்திருக்கிறாள்.

எனக்கு வலிப்பு வந்தது சாப்பாட்டு மேசையில். அதற்குச் சற்று முன்னால் ரப்பர் கருகுவதுபோல் ஒரு வாடை அடித்தது. "யாரோ டயர் எரிக்கிறாங்க, ஜன்னலைச் சாத்து" என்று சொன்னேனாம். பிறகு வயிற்றுக்குள்ளிருந்து என்னவோ மேலே எழும்பி வந்தது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். மறுமுறை வந்தது கோயிலில், பிரசங்கத்தின் நடுவில். அப்போதும் அதே கருகல் வாடைதான் முதலில் வந்தது. எனக்கு மட்டும் அடிக்கிற வாடை அது, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மூளைக்குள் பிறக்கும் வாடை என்று டாக்டர் விளக்கினார். சிலருக்கு அப்படித்தான் முன்னறிவிப்பு வருமாம்.

"வாகனம் ஓட்டுறீங்களா?" என்று கேட்டார்.

"அதுதானே டாக்டர் எனக்கு எல்லாமே" என்றேன்.

"நிறுத்திடுங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீண்ட காலம் வராம இருந்தா அப்புறம் பார்ப்போம்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பின்சேர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் அதன் பிறகு வாழ்ந்தேன். மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. வலிப்பும் வரவில்லை. ஒவ்வொரு கிளினிக் நாளிலும் டாக்டரிடம் கேட்க வாயெடுத்து, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று அடக்கிக்கொள்வேன். கடைசியில், அடுத்த தடவை கேட்டே விடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். மனைவியிடமும் சொன்னேன். "டாக்டர் சரின்னா எனக்கும் சரி" என்றாள்.

கார் ஓட்டாதவர்களுக்கு இந்த ஏக்கத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்காவது போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நான் ஏங்கவில்லை. கண்டி டவுனில் இருக்கும் அலுவலகத்துக்கு பஸ்ஸிலேயே போய் வருகிறேன், கணக்கெழுதும் வேலைக்கு அது போதும். நான் ஏங்கியது வேறு. காலையில் ஜன்னலை இறக்கிவிட்டு, அம்பிட்டிய வளைவுகளில் செகண்ட் கியருக்கு இறக்கும்போது எஞ்சின் ஒரு முனகல் முனகி வண்டியைப் பிடித்து நிறுத்துமே, அந்த முனகலைக் காலடியில் உணர வேண்டும் என்று ஏங்கினேன். மழை பெய்யும்போது தனியாக உட்கார்ந்து ஓட்ட வேண்டும். யாரிடமும் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் பிலிமத்தலாவை வரை போய், எதுவும் வாங்காமல் திரும்பி வர வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் என்ன இருக்கிறது? பஸ்ஸின் முன்சீட்டில் இடம் கிடைத்தால் டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டு போவேன். வெட்கம்தான். ஆனாலும் பார்ப்பேன்.

மனைவிக்கு லைசன்ஸ் முன்பே இருந்தது, கைதான் பழகியிருக்கவில்லை. நானே பழக்குகிறேன் என்று கிளம்பினோம். வீட்டிலிருந்து பிரதான வீதிக்குப் போவதற்குள் இரண்டு முறை அழுதுவிட்டாள், ஒருமுறை நானும் ஏறக்குறைய அழுதேன். புருஷன் பெஞ்சாதிக்குள் எதை வேண்டுமானாலும் பங்கு போடலாம், கிளச்சைப் பங்கு போட முடியாது. கடைசியில் அவளுடைய தம்பி வந்து பொறுப்பெடுத்தான். வாடகை வேன் ஓட்டுகிறவன், பொறுமைசாலி. அவள் நன்றாகவே பழகிக்கொண்டாள். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தமும் ஆயிற்று. அவள் ஓட்டும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது.

வாயை மூடிக்கொண்டேன். காலை அடக்க முடியவில்லை. இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்து, முன்னால் ஒரு பஸ் நின்றால் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும்.

"அங்க பிரேக் இல்லைங்க" என்பாள், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மச்சான் பின்சீட்டில் இருந்தால் அவன் பங்குக்கு, "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்பான். அவன் சொன்னால் கோபம் வராது. எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

கிளினிக் நாளுக்கு முந்தைய வாரம் ஹுன்னஸ்கிரியவில் மனைவியின் பெரியப்பா மகள் வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம். நாங்கள் இருவர் மட்டும் போனோம். சாப்பிட்டு, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி, பகல் திரும்புகிற நேரத்தில் புறப்பட்டோம். அவளுக்குக் காலையிலிருந்தே தடிமன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினாள். தெல்தெனிய பக்கம் இறக்கம் தொடங்கியது. ஒப்பந்தப்படி நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே நீர்த்தேக்கம் தெரிந்தது. இந்த ரோட்டை நான் ஓட்டினால் எப்படி ஓட்டுவேன் என்று மனதுக்குள் ஒவ்வொரு வளைவாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ரப்பர் கருகுகிற வாடை.

வலிப்பு வரப்போகிறது என்றே நினைத்தேன். இவள் இறக்கத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நான் வெட்டி இழுத்தால் என்ன ஆகும்? ஸ்டியரிங் மேலே சாய்ந்துவிட்டால்?

"உனக்கு ஏதும் மணக்குதா?" என்று கேட்டேன்.

"மூக்கே அடைச்சிருக்குங்க. ஒண்ணும் தெரியல."

வயிற்றுக்குள்ளிருந்து அது எழும்புகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எழும்பவில்லை. வாடை மட்டும் கூடிக்கொண்டே வந்தது. கண்ணைத் திறந்தேன். வண்டி போக வேண்டியதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய கால் பிரேக்கை ஆழமாக மிதித்திருந்தது, அப்படியும் வேகம் அதற்கேற்றபடி குறையவில்லை. எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. கியர் கம்பியைப் பார்த்தேன். நடுவில் நின்றது.

விஷயம் விளங்கியது. மச்சான் பழக்கியது, பெற்றோல் தட்டுப்பாட்டில் நாடே வரிசையில் நின்ற காலத்துப் பழக்கம். அந்த நாட்களில் மலைநாடே நியூட்டரில்தான் இறங்கியது. ஒரு துளி மிஞ்சினாலும் லாபம் என்று ஆட்டோக்காரரும் வேன்காரரும் மேட்டு உச்சியில் கியரைக் கழற்றிவிட்டு, ஒன்றன் பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் உருண்டு வருவார்கள். நான் மாட்டேன் என்று அடம்பிடித்ததற்கு என்னை ஊதாரி என்றார்கள். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. டவுனுக்குள் சின்ன இறக்கங்களில் அது தெரியாது. இங்கே எஞ்சின் பிடித்துக் கொடுக்காமல், வண்டியின் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுந்து அது கருகிக்கொண்டிருந்தது.

"கிளச்சை மிதி" என்றேன். குரலை எப்படியோ தாழ்த்தி வைத்துக்கொண்டேன்.

"என்னங்க?"

"பேசாத. மிதி. தேர்டைப் போடு. இப்ப கிளச்சை மெதுவா விடு. விடு, விடு."

எஞ்சின் உறுமி வண்டியை இழுத்துப் பிடித்தது. நான் ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். வேகம் அடங்கியதும் செகண்டுக்கு இறக்கச் சொன்னேன். அடுத்த வளைவைத் தாண்டி ஒரு தேநீர்க் கடை முன்னால் ரோடு அகலமாக இருந்தது. அங்கே ஒதுங்கி நின்றோம். முன் சக்கரங்கள் இரண்டிலிருந்தும் புகை வந்தது.

பிரேக் கருகியதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன ஆள் இந்த நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் வாடை இல்லை, காரின் வாடை. நான் நன்றாக இருக்கிறேன்.

கடைக்காரப் பெண் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தாள். "ஊத்தவாங்க?"

"வேணாம்மா. காய்ஞ்ச இரும்புல தண்ணி பட்டா வெடிச்சிரும். தானா ஆறட்டும்."

பிளேன்டீ குடித்துக்கொண்டு காத்திருந்தோம். நியூட்டர் ஏன் கூடாது என்று மனைவிக்குச் சொன்னேன். திட்டவில்லை, திட்டத் தோன்றவில்லை. பிரேக் நன்றாக ஆறிய பிறகு, கதவோரம் குனிந்து பெடலை இரண்டு மூன்று முறை கையால் அமர்த்திப் பார்த்தேன். அது மறுபடி இறுகி நின்றது. செகண்டிலேயே மெதுவாக இறங்கினால் தெல்தெனியவுக்குப் போய்விடலாம், அங்கே கராஜில் காட்டலாம் என்றேன்.

அவள் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"என்னால முடியாது. நீங்களே ஓட்டுங்க. எவ்வளவு நாளா வரல, இனி வராது. அடுத்த வாரம் டாக்டரும் சரின்னுதானே சொல்லப் போறார்."

எத்தனை காலமாகக் காத்திருந்த வார்த்தை. நான் வலது பக்கம் போய் ஏறி உட்கார்ந்தேன். அவள் உயரத்துக்கு வைத்திருந்த சீட்டைப் பின்னுக்குத் தள்ளினேன். கண்ணாடியைச் சரிசெய்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சாவியைத் திருகினேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் இடது பக்கம் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். என்னை அவ்வளவு நம்பினாள்.

முன்னால் ரோடு சரிந்து இறங்கியது. கிளச்சை மிதித்து கியரில் கை வைத்தேன். அந்த வாடை வந்தபோது அது என்னுடையதா, வண்டியுடையதா என்று எனக்குத் தெரியவில்லையே என்று அப்போது தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேனே. இந்தச் சீட்டில் இருந்துகொண்டு, இந்த இறக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்க முடியுமா? டாக்டர் சரி என்று சொன்னாலும், இனி எங்கே எவன் டயர் எரித்தாலும் நான் அப்படித்தானே காத்திருப்பேன்?

எஞ்சினை அணைத்தேன். ஓட்ட வேண்டும் என்ற ஆசை ஒரு துளிகூடக் குறையவில்லை. குறைந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னங்க, ஏன்?" என்று கண்ணைத் திறந்தாள்.

"நீயே ஓட்டு. செகண்ட்ல போ. நான் சொல்லிக்கிட்டே வாறேன், இன்னைக்கு வாயைத் திறக்க விடு."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றினாள். அவள் கால் எட்டும்படி சீட்டை முன்னுக்கு இழுத்து வைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கினேன். வலது பக்கக் கதவால் நான் இறங்கியது அதுதான் கடைசி.