ஹாஃப் கார்டில் மூச்சடக்கியவர்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் என் கணவரும் சண்டை போடப் போவோம். பிரேசிலியன் ஜூ-ஜிட்சு, தரையில் கட்டிப் புரண்டு ஆளை மடக்குகிற மல்யுத்தம். துறைமுகச் சாலையில் ஒரு மாடி, பாய் விரித்த கூடம், ஜன்னலெல்லாம் கடற்காற்று. அந்த ஈரக்காற்றில் உட்கார்ந்தாலே கண் சொருகும். நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியில், "வீட்டுல போடுறது பத்தலையாக்கும்" என்று கேலி செய்வார்கள்.

அவர் சங்கு குளிக்கிறவர். படகில் காற்றுக் குழாய் இருக்கும். இருந்தாலும் ஆழம் குறைந்த இடத்தில் மூச்சடக்கித்தான் இறங்குவார். அதில் அப்படி ஒரு கர்வம். என்றைக்காவது மேலே வராமல் போய்விடுவாரோ என்று, அவர் கடலுக்குப் போகிற நாளெல்லாம் பயந்துகொண்டேதான் வேலை பார்ப்பேன்.

அன்று பாயில் அவர் கீழே, நான் மேலே. என் ஒரு காலைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவே பூட்டிக்கொண்டார். இதைத்தான் ஹாஃப் கார்டு என்பார்கள். அவரிடம் மாட்டினால் லேசில் கழன்று வர முடியாது. காலைப் பிடுங்காதே, கழுத்துக்குப் போ என்பார் எங்களுக்குச் சொல்லித்தரும் மாஸ்டர். என்னைப் புரட்ட அவர் ஒரு கையை என் கக்கத்துக்குள் நுழைத்தார். அந்தக் கைக்கு அடியில் என் கையை விட்டு, அவர் கழுத்தோடு ஒட்டி மறுபக்கம் எடுத்து, என் மறு கையில் கோத்து இறுக்கினேன்.

தோற்றவர் கையால் தட்டினால் பிடியை விட்டுவிட வேண்டும். அவர் தட்டவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. இந்தப் பிடி மூச்சை நிறுத்தாது, தலைக்கு ஏறும் ரத்தத்தைத்தான் நிறுத்தும் என்று மாஸ்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சங்கு குளிக்கிறவர் காதில் அது ஏறுமா? மூச்சு இருக்கிற வரைக்கும் நான் ராஜா என்று கிடந்தார்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. ஜன்னல் வெளிச்சம் பாயில் தண்ணீர் மாதிரி ஆடியது. அவர் கால்கள் மெல்ல மெல்ல நெகிழ்ந்தன. என் கால் தானாக வெளியே வந்தது. பூட்டை உடைத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன், பாவி. முகத்தைப் பார்த்த பிறகுதான் கையை உதறினேன். கண் பாதி திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. "மாதாவே!" என்று கத்திவிட்டேன்.

மாஸ்டர் ஓடி வந்து அவர் கால்களைத் தூக்கிப் பிடித்தார். சில நொடிதான் என்றார்கள். எனக்கு அது ஒரு முழு மத்தியானம்.

கண் விழித்தவர் சிரித்தார். "அங்கன எவ்ளோ அழகா இருந்துச்சு தெரியுமாளா? அடியில மணல் பூரா வெளிச்சம். போய்க்கிட்டே இருக்கேன். மூச்சே தேவப்படல. மேல வரணும்னே தோணல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னைய நெனச்சீங்களா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது.

"இல்லளா."

கோபம் வரவில்லை. கடலுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு தடவையும் என்னைப் பற்றிய நினைப்புதான் அவரை மேலே இழுத்துவருகிறது என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தேன்.