ஆணிக் குத்தும் திருப்புளிக் குத்தும்

பழக் கிடங்கில் அவளுக்கு ஆணிக்காரி என்று பெயர். அதற்கு முன்பு ராங்கிக்காரி. அதற்கும் முன்பு பல்லுடைச்சவள், கை ஓங்கிய புருஷனின் முன்பல் இரண்டைப் பெயர்த்துவிட்டு வந்தவளாயிற்றே! கை முந்திக்கொள்ளும், புத்தி பிறகுதான் வரும். அதுதான் அவள் சுபாவம். சுமைக்காரன் ஆரஞ்சுக் கூடையைத் தொப்பென்று போட்டால் அவன் முதுகிலும் தொப்பென்று ஒன்று விழும். தோல் கீறிய பழத்தில்தான் பச்சைப் பூஞ்சணம் ஏறும் என்று அந்தத் தடியனுக்கு உறைக்க வேண்டாமா? இன்னொரு தடவை யார் மேலாவது கை வைத்தால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று முதலாளி கடைசியாக எச்சரித்திருந்தார்.

அவள் தங்கைக்கு மருந்துத் தொட்டியில் வேலை. பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் பழங்களை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். கையுறைக்குள்ளும் மருந்து இறங்கிவிடும். உள்ளங்கைத் தோல் உரிந்து சதை வெடித்து, சோற்றில் கை வைத்தாலே அழுவாள். அக்காதான் திட்டிக்கொண்டே ஊட்டிவிடுவாள்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அம்மாள் ஒருவர், புளித்த வாடையடிக்கும் டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருப்பது நல்ல பாக்டீரியாவாம். பழத்தின் காயத்தில் அது முதலில் குடியேறிவிட்டால் பூஞ்சணத்துக்கு இடம் கிடைக்காதாம். பலித்தால் தொட்டியை மூடிவிடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்தார். சோதித்துப் பார்க்க ஆணிக்காரி நாற்பது பழங்களை ஆணியால் குத்தினாள், பழத்துக்கு ஒரே குத்து. காயத்தில் பாக்டீரியாத் தண்ணீரைத் தொட்டுவைத்து, மறுநாள் பூஞ்சணத் தூளையும் தூவிப் பெட்டியை மூடினாள்.

ஏழாம் நாள் திறந்தால், எல்லாப் பழத்திலும் பச்சை பூத்திருந்தது. தொட்டிக்கு மருந்து கலக்குகிறவன்தான் முதலில் சிரித்தான். தொட்டி போனால் அவன் பிழைப்பும் போகும். முதலாளி உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பினார். ஆணிக்காரி ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தாள். அவள் போட்டது ஒரு துளை, பழத்தில் இருந்ததோ இரண்டு. இரண்டாவது பட்டையாக இருந்தது, மருந்து கலக்குகிறவனின் சட்டைப்பையில் எப்போதும் செருகியிருக்கும் திருப்புளியின் அகலத்தில்.

காட்டிப் பேசியிருக்கலாம். கை முந்திக்கொண்டது. மரப்பெட்டியைத் தூக்கி அவன் மூஞ்சியில் அடித்தாள். மூக்கு நொறுங்கியது. அவன் திருப்புளியை உருவி அவள் தோளில் இறக்கினான். அது தோளில் நிற்கும்போதே அவன் தலைமயிரைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினாள், மறுபடி மோதினாள், அவன் கால் துவளும்வரை மோதினாள். பழங்கள் ரத்தத்தில் உருண்டன. நாலு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. மூச்சு மட்டும் இருந்த அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவளை வெளியே போகச் சொல்லி முதலாளி கத்தினார்.

தங்கை உரிந்த கையால் ஒரு பழத்தைப் பொறுக்கி அவரிடம் நீட்டினாள்.

"அய்யா, பாருங்க. இது அக்கா ஆணியில குத்தினது, சுத்தமா இருக்கு. இது அவன் பிறகு வந்து குத்தினது, பாக்டீரியா படவே இல்ல. இங்க மட்டும்தான் பூத்திருக்கு."

முதலாளி இன்னொரு பழத்தை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். எல்லாவற்றிலும் ஆணிக் காயம் சுத்தமாக இருந்தது.

"பழம் ஜெயிச்சிடுச்சு. ஆனா நான் சொன்னது சொன்னதுதான். நீ கிளம்பு," என்றார்.

தோளில் துணியை அமுக்கிக்கொண்டு அவள் கேட்டாள்: "நாளையிலேர்ந்து இவ தொட்டியில கை விட வேணாம்ல?"

"வேணாம்."

"அப்ப சரி."

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். வாசலில் சுமைக்காரன் கூடையை மெல்லக் கீழே வைத்துவிட்டு வழிவிட்டான்.