முன்னால் நடந்தவர்

பித்தளைக்குப் போடும் பாலிஷின் நெடி எங்கள் வீட்டில் பரவினால், அப்பா லீவில் வந்திருக்கிறார் என்று பொருள். பெல்ட்டின் ‘பக்கிளை’ முகம் தெரியும்வரை தேய்த்துக்கொண்டே, பாலம் கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் உள்ள தம் படையின் வரலாற்றை அவர் சொல்லத் தொடங்குவார். பள்ளிக்கூடத்துப் பாடம் எதுவும் ஏறாத என் மண்டையில் அது மட்டும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக்காரன் காலத்தில் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கிளம்பிய படை எந்தெந்த ஆற்றில் பாலம் போட்டது, எந்தத் தளபதிக்குப் பின் யார் வந்தார் என்றெல்லாம் சொல்லி, கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்பார். வெடி எடுத்த பாதையில் வேலையை நடத்தியவர்தான் முதலில் நடக்க வேண்டும். அவர் நடந்து காட்டிய பிறகே சிப்பாய் கால் வைப்பான். “உத்தரவு போடறவன் பின்னாடி நிக்கக் கூடாது” என்பார். சுபேதாராக இருந்த அவர் சொல்லி இதைக் கேட்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

அதை நம்பித்தான் ஊர்ப் பெண்கள் பிள்ளைகளை அவரோடு அனுப்பினார்கள். அறுபதுகளின் கடைசியில் மழை ஏமாற்றிய வருஷங்களில், லீவு முடிந்து அவர் கிளம்பும்போதெல்லாம் யாராவது ஒரு பையன் ‘மிலிட்டரி’யில் சேர உடன் போவான். மொரப்பூர் ஸ்டேஷனில் வண்டி வருவதற்கு முன், கல்யாணத்தில் பெண்ணைப் பிடித்துக் கொடுப்பதுபோல, தாய் தன் மகனின் கையை எடுத்து அப்பாவின் கையில் வைப்பாள். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. கணவனை இழந்த எதிர்வீட்டு முனியம்மா, மூத்த மகன் மாதையனின் கையை அப்படித்தான் கொடுத்தார். “நீங்க முன்னாடி போங்க, அவன் உங்க பின்னால வரட்டும். எனக்கு அது போதுங்க” என்றார்.

எழுபத்தொன்றில் சண்டை மூண்டபோது, மாதையன் கண்ணிவெடியில் போய்விட்டான் என்று எதிர்வீட்டுக்குத் தந்தி வந்தது. சில மாதங்கள் கழித்து அப்பா வந்தார். மொரப்பூரில் இறங்காமல் முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கி, கொல்லைக்காடு வழியாக நடந்து வந்தார். பாலிஷ் டப்பாவைத் திறக்கவில்லை. அம்மா சோறு போட்டார், அவர் சாப்பிட்டார், கை கழுவினார். மாதையன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தீர்த்தமலை ஏறியவன். ஆனாலும் எனக்கு அழுகை வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால்போல மனசு மரத்துக் கிடந்தது. ஊருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஒரு காலையில் முனியம்மா வந்து வாசற்படியில் நின்றார். அப்பா எழுந்தார்.

“யாருங்க முன்னாடி போனது?”

“நான்தாங்க்கா போனேன். நான் மிதிச்ச எடத்தையேதான் அவனும் மிதிச்சான்.”

அப்பா பின்னால் நின்றிருந்தால் முனியம்மா மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. “செரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் வழக்கம்போல எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தார். அம்மா குடத்தைத் தூக்கிவிட்டார்.

அடுத்த லீவு முடிந்து அப்பா கிளம்பியபோது, நாங்கள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் முனியம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சின்னவன் கோவிந்தன், கையில் துணிப்பையோடு. வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் அதிகம் என்பது எங்களுக்கும் தெரியும். அவர் மகனின் கையை எடுத்து நீட்டினார். அப்பா ‘பரேடில்’ நிற்பதுபோலக் காலை அகட்டி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வாங்கிக்கங்க” என்றார் முனியம்மா.

“முன்னாடி நடக்கறதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க்கா.”

வண்டி வந்தது. அப்பா தனியாக ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்து போன பிறகும் கோவிந்தனின் கை, நீட்டியபடியே, தாயின் கையில் இருந்தது. அவன் ஊரிலேயே தங்கி, தங்கள் மானாவாரிக் காட்டையே உழுது பிழைத்தான்.

அதற்குப் பிறகு எந்தப் பையனும் அப்பாவோடு போகவில்லை. அவரும் படையின் கதையைச் சொல்லவில்லை. தளபதிகளின் பெயர்கள் எனக்குமே மறந்துவிட்டன. ஓய்வு பெற்று வந்தபின் வயல் வரப்பிலும் கடைவீதியிலும் அவர் கையைப் பின்னால் கட்டித்தான் நடந்தார். இப்போதும் மொரப்பூரில் பையன்கள் ராணுவத்துக்கு வண்டி ஏறுகிறார்கள். முதுகில் பை, காதில் போன். யாரும் யாருடைய கையையும் பிடித்துக் கொடுப்பதில்லை. முனியம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது.

சில வருஷங்களுக்கு முன் அப்பாவும் போனார். குளிப்பாட்ட வந்தவர்களில் தலை நரைத்த கோவிந்தனும் இருந்தார். அப்பாவின் கைகளை மார்பின்மேல் சேர்த்து வைத்தவர் அவர்தான். வலது கையை மட்டும், மற்றவர்கள் கூப்பிடும்வரை, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.