ஜெயலக்ஷ்மியின் மாடிக் கூரை

வலியசாலை அக்ரஹாரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வெண்டைச் செடி வைப்பதென்றாலும் மொட்டை மாடிக்குத்தான் ஏற வேண்டும். டைப்பிஸ்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஜெயலக்ஷ்மி ஏறினாள். வெண்டைக்காய் ஆசை என்று தெரு சொன்னது, சொல்லிவிட்டுப் போகட்டும்.

கணவர் சேஷன் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து, கண் விழித்தது முதல் படுக்கும்வரை "ஜெயா, ஜெயா" என்ற குரல்தான். தண்ணீர் கேட்டு, தலையணை கேட்டு, ஒன்றுமே கேட்காமலும். மனிதர் மோசமில்லை, பாவம். ஆனால் அவளுக்கும் உடம்பு இரும்பில்லையே. சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விடப் போகும் ஒரு மணி நேரம்தான் அவளுக்கென்று இருந்தது. "செடி வாடிடும்" என்றால் அவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்.

எடவப்பாதி என்னும் பருவ மழையில் செடிப் பைகளெல்லாம் ஊறி அழுகியபோது, இரும்புச் சட்டம் அடித்து ஷீட் போட்டாள். மழை நாளிலும் அந்த ஒரு மணி நேரம் தப்பியது.

மாடித் தோட்டப் பரிசுக்குக் கிருஷிபவன் என்ற விவசாய அலுவலகத்தில் பெயர் கொடுத்திருந்தாள். அதனால் கையில் அளவு டேப்போடு ஒருவர் வந்து மலையாளம் கலந்த தமிழில் "மாடி ஒண்ணு காணணுமல்லோ" என்றதும், பரிசுக்காரர்தான் என்று முடிவுகட்டி, யார் என்னவென்று கேட்காமல் அழைத்துப் போனாள். பயறு, கீரை, கத்தரி என்று காட்டினாள். வந்தவர் கண் மேலேயே இருந்தது.

"இந்த ரூஃப் தற்காலிகமா மாமி?"

"நன்னாக் கேட்டேள்! வெல்டு பண்ணிப் போட்டதாக்கும் சார். எந்தக் காத்துக்கும் அசையாது. லைட்டு, ஃபேன் எல்லாம் உண்டு. ஒரு ரூம் மாதிரியே இருக்கும்." டேப்பின் மறுமுனையையும் அவளே பிடித்துக்கொண்டாள்.

அளந்து முடித்த பிறகுதான் அவர் பெயர் வேலாயுதன், வீட்டு வரி பார்க்க வந்தவர் என்று தெரிந்தது. பெருமையடித்த வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"செடிக்கு ஒரு குழப்பமும் இல்லா. ரூம் மாதிரின்னு மாமியே சொல்லியாச்சு. அப்போ ஏரியா கூடும், டேக்ஸும் கூடும். கழட்டினா பழைய டேக்ஸ் மதி, கூடுதல் வேண்டா," என்றார் வேலாயுதன். குரலில் குத்தல் ஏதுமில்லை. காப்பி வேண்டாமென்று சொல்லி இறங்கிப் போனார்.

பென்ஷன் மருந்துக்கும் பிசியோதெரபிக்குமே திணறிக்கொண்டிருந்தது. கூரை போட்ட வெல்டர் பேச்சிமுத்துவையே திரும்பக் கூப்பிட்டாள்.

"ஆசை ஆசையாப் போட்டியளேம்மா," என்றான் அவன்.

"கழட்டுப்பா."

ஷீட் இறங்கிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. கீரை முதலில் சரிந்தது, பிறகு கத்தரி. பைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கீழே வந்தாள்.

சேஷனுக்கு ரசஞ்சாதம் ஊட்டும்போது சொன்னாள். "ஏன்னா, தோட்டம் அவ்வளவுதான். போறும்."

கோணிய வாயோடு அவர் சிரித்தார். அந்த முகம் அப்படி மலர்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது. "அப்போ இனிமே சாயங்காலமும் நீ என்கிட்டயே இருப்பே, இல்லியா ஜெயா?"

ஜெயலக்ஷ்மி அடுத்த வாய்க்குச் சாதத்தைப் பிசைந்தாள்.

"இருக்கேன்," என்றாள்.