நம்பர் பிளேட்டைப் பார்த்துத் திரும்பும் நாக்கு

"ராப் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். வெளிநாட்டுப் பாடகர் ஒருவரின் பெயரை எதிர்பார்த்து மைக்கை நீட்டுகிறார்கள். குற்றாலத்தில் ஒரு சிப்ஸ் கடை வாசலில் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒன்றும் ஜோக் அடிக்கவில்லை.

வீடு தென்காசியில், கடை ஐந்தருவிக்குப் போகும் சாலையில். சீசன் வந்துவிட்டால் குடும்பமே கடையில்தான் கிடக்கும். அம்மா அடுப்பருகே நின்று நேந்திரங்காயைக் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலேயே சீவித் தள்ளுவாள். அப்பா எடை போடுவார். வாசலில் நின்று ஆள் கூப்பிடுவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அது என் தலையில் விழுந்துவிட்டது. வரிசையாக எல்லாம் சிப்ஸ் கடைகள், எல்லா வாசலிலும் ஒருத்தன் கத்திக்கொண்டிருப்பான். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், அந்த இடைவெளியில் பக்கத்துக் கடைக்காரன் புகுந்து ஆளை இழுத்துக்கொள்வான். அதனால் சொல்லோடு சொல்லைக் கோத்து, மூச்சைத் திருட்டுத்தனமாக எடுத்துக் கூப்பிடப் பழகினேன். "வாய மூடாதலே, வண்டி போயிரும்!" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு வித்தையும் உண்டு. வண்டி வரும்போதே நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட வேண்டும். புளியறை வழியாக வந்த கேரள வண்டி என்றால், "சேட்டா, நல்ல சூடுள்ள உப்பேரி!" சிப்ஸுக்கு அவர்கள் பேச்சில் அதுதான் பெயர். சென்னை வண்டி என்றால், "வா தல, துன்னு பாரு, அப்பால வாங்கு!" எங்கள் ஊர்ப் பேச்சு அடுப்பைத் தாண்டி வெளியே வராது. அது எங்களுக்குள் ஏசிக்கொள்ள மட்டும்.

அந்தப் பேச்சில்தான் என் முதல் பாட்டை எழுதினேன். அருவியில் சரியாகத் தண்ணீர் விழாத ஒரு சீசனில், ஈ ஓட்டிக்கொண்டிருந்த அப்பா வானத்தைப் பார்த்து ஏசியதெல்லாம் அதில் இருந்தது. மொட்டை மாடியில் பாடிப் பார்த்தபோது அவர் ஏறி வந்தார்.

"பாடுதியா, யாரையும் ஏசுதியா?"

"ரெண்டும்தான்ப்பா."

"இந்தக் கூத்தையெல்லாம் சீசன் முடிஞ்சு வச்சுக்கோ."

அவ்வளவுதான். என் வயதுக்காரர்கள் சென்னையில் மேடை ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் சீசனுக்குச் சீசன் வாசலில் நின்றேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஒருவழியாக, நான் பதிவு செய்து அனுப்பியிருந்த அந்தப் பாட்டைச் சென்னையில் பாட்டு வெளியிடும் ஒருவர் கேட்டுவிட்டுப் போன் செய்தார். "ஃப்ளோ செம ப்ரோ. மூச்சே விடாம பாடுறீங்க. ஆனா இந்த லே, ஏலே எல்லாம் காமெடி மாதிரி இருக்கு. சென்னை ஸ்லாங்ல மாத்திக் குடுங்க."

போனை வைத்ததும் சுவரில் ஓங்கிக் குத்தலாம் போல இருந்தது. குத்தவில்லை. மாற்றிக் கொடுத்தேன். அவர் கேட்டதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே மத்தியானத்தில் மாற்றி முடித்தேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு வரியிலும் நாக்கு இடறவில்லை. சென்னை வண்டி என்று தெரிந்ததும் அது தானாகவே திரும்பிக்கொண்டது. வானத்தை ஏசிய எங்கள் அப்பா பாட்டுக்குள் சென்னைக்காரராகிவிட்டார்.

பாட்டு வெளியானது; நன்றாகவே ஓடியது. வீடியோவில் என் முகம் கிடையாது, யார் யாரோ ஆடினார்கள். வீட்டில் நான் சொல்லவில்லை. சொன்னால் போட்டுக்காட்ட வேண்டும். போட்டுக்காட்ட வெட்கமாக இருந்தது.

அடுத்த சீசனில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். ஒரு சென்னை வேன் எங்கள் கடைக்கு எதிரிலேயே வந்து நின்றது. கதவு திறந்ததும் என் பாட்டு அலறிக்கொண்டு வெளியே வந்தது. குளித்த ஈரம் காயாத பையன்கள் சாலையில் இறங்கி ஆட ஆரம்பித்தார்கள். நான் "வா தல, வா தல" என்று என் பாட்டுக்கு மேலேயே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பாட்டக் கொறைக்கச் சொல்லுலே," என்று அப்பா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "நீ கூப்பிடுதது ஒருத்தருக்கும் கேக்கல."

அம்மா சீவுவதை நிறுத்தாமல் சாலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"இருக்கட்டும், விடுங்க. யாரு பெத்த பிள்ளையோ, நல்லாத்தான் பாடுதான்."

நான் வாயைத் திறந்தேன். மூச்சு இருந்தது, எந்தப் பேச்சில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்த வாசலில் அன்றுதான் முதன்முறையாக வாயடைத்து நின்றேன். பக்கத்துக் கடைக்காரன் வேன் பையன்கள் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு போனான்.