தேதிக்கு முன்னால் 786

இங்கே அமெரிக்காவில், கேட்டி ஊரில், பஜ்ர் என்ற விடிகாலைத் தொழுகைக்குப் பாங்கு அழைப்பு தெருவில் கேட்காது. அடுப்படியில் என் போன்தான் மெதுவாகச் சொல்லும். தொழுது முடித்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு வரி எழுதுவேன். மகள் சபீனா ஏற்படுத்தித் தந்த பழக்கம். படமில்லை, லைக் இல்லை, நடுவில் கம்பெனி இல்லை. இணையத்தில் வெறும் எழுத்து மட்டும் உள்ள ஒரு பைல். வரியின் தொடக்கத்தில் தேதி, நேரம். அப்புறம் சொல்ல வேண்டியது. மேலப்பாளையத்தில் என் லாத்தாவுக்கும், அதாவது அக்காவுக்கும், அதேபோல் ஒன்று உண்டு. அவள் போனில் இருக்கும் ரீடர் என்ற செயலி எங்கள் இரண்டு பைலையும் சேர்த்துக் காட்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு இல்லாததால் கண்ணேறும் இல்லை என்று எனக்குப் பிடித்துப்போனது.

லாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து தினமும் அவள் குணமாக வேண்டி ஒரு துஆ எழுதினேன். அவள் மருமகள் படித்துக் காட்டுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் போனில் லாத்தாவின் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. நீ ஒரு வரி போடலியே புள்ள."

"தெனமும் போட்டேனே லாத்தா."

"மருமக தெனமும் பாக்கா. ஒண்ணும் இல்ல. அல்லாவுக்குப் பயந்து பேசு."

அந்தச் சொல்லோடு தொழுகைப் பாயில் என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. சனிக்கிழமை ரவுண்ட் ராக் ஊரிலிருந்து சபீனா வந்து பைலைப் பார்த்தாள்.

"உம்மா, வாட் இஸ் திஸ்? துஆ லைன் எல்லாத்துலயும் முன்னாடி 786?"

"பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாப் போடுறது. அது இல்லாம துஆ எப்படி எழுத?"

"டேட்தான் ஃபர்ஸ்ட் வரணும் உம்மா. முன்னாடி வேற நம்பர் இருந்தா ரீடர் அந்த லைனையே ஸ்கிப் பண்ணிடும்."

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கொழும்பில் இருந்த வாப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால், முதலில் 786 போடு என்று சொல்லித்தான் என் உம்மா பேனாவைத் தருவார். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. சபீனா கொஞ்சம் யோசித்தாள். வரிகளிலிருந்து எடுத்துவிட்டு, பைலின் உச்சியில் # என்று ஒரு குறி போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு 786 வைத்தாள். அந்தக் குறி போட்ட வரியை ரீடர் தொடாதாம்.

"இட்ஸ் ஸ்டில் தேர், உம்மா."

கொஞ்ச நேரத்தில் லாத்தாவின் போன். விட்டுப்போன துஆக்கள் அத்தனையும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருந்தன.

"கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இப்படி அழ வச்சிட்டியே."

இப்போது நான் பஜ்ர் தொழுதுவிட்டு எழுதும் பொழுது அவளுக்கு அசர் பொழுது. இங்கே விடிகிறது, அங்கே வெயில் சாய்கிறது. ரீடரில் அவள் வரியும் என் வரியும் ஒன்றின்கீழ் ஒன்றாக வருகின்றன, ஒரே வீட்டில் அடுத்தடுத்து விரித்த இரண்டு தொழுகைப் பாய்களைப் போல.