பிலோமினாவின் பெயரை வாசித்த அன்று

ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிவைத் தலைமை வாத்தியார் வாசித்தபோது ஊர்ப் பிள்ளைகளும் தாய்தகப்பன்மாரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். நாங்கள் இல்லை, முதலில் பெயர் வாசிக்கப்பட்ட என் தங்கச்சி பிலோமினாவும் இல்லை.

மீன்பிடிப் பருவம் தொடங்கியதும் வழக்கம்போல் குடும்பத்தோடு உச்சமுனைக்குப் போய் கடற்கரையில் குடிசை கட்டி மீன்வாடி போட்டிருந்தோம். போகும் இடத்தை முன்கூட்டிச் சொன்னால் மீன் படாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. வீட்டில் படித்தவன் நான் ஒருவன். நானும் வாயைத் திறக்கவில்லை.

பருவம் முடிந்து திரும்பியதும் முடிவு கேட்க வாத்தியாரிடம் ஓடினோம்.

“எங்கயப்பா போனீங்க? தேடாத இடமில்ல. முதலாவதா வந்ததுக்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில இலவசமாத் தங்கிப் படிக்கிற இடம். சம்மதம் எழுதிக் குடுக்க ஆளில்லாம அடுத்த பிள்ளைக்குப் போயிட்டுது” என்றார் அவர்.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி, “அந்தப் பிள்ளையிட்டக் கேட்டுப் பாக்கேலாதா ஐயா?” என்றார்.

தங்கச்சி என் கையை இழுத்தாள். “அண்ணா, அப்ப நான் பாஸ்தானே?”

“ஓம்” என்றேன். அவள் சிரித்தாள்.

இப்போது ஒவ்வொரு பருவத்திலும் புறப்படுமுன், வாடி போடும் இடத்தை வாத்தியாரிடம் சொல்லிவிட்டே போகிறேன். அப்பா தடுப்பதில்லை. தங்கச்சி வாடியில் மீன் காயவைக்கிறாள். அவளுடைய படிப்பைக் கொடுத்து அந்தப் பருவத்தில் நாங்கள் சம்பாதித்தது நாற்பது ரூபா.